இரு கண்களும் ஒரு காட்சியும்: நரம்பு விஞ்ஞானம் கடந்து வந்த வாசல்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலத்தில், விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் உள்ள நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடைபெறுகிறது. பிள்ளை அடுத்து எதைப் படிப்பது என்பதே அப்பேச்சு. அண்மைக் காலமாக அதில் ஒரு புதிய பெயரும் அடிபடக் காண்கிறோம். ‘நியூரோ சயன்ஸ் படிக்கிறேன்’ என்கின்றனர் பிள்ளைகள்; அவர்களுள் பெண் பிள்ளைகளும் உளர். ‘அது டாக்டர் படிப்பா? அதற்குக் காலேஜ் எங்கே இருக்கிறது? முடித்தால் என்ன வேலை?’ என்று கேட்கின்றனர் அத்தாமார்கள். பிள்ளைகளின் ஆசையும் நியாயமானது. பெற்றோரின் அச்சமும் நியாயமானது.

இவ்வினாக்களுக்கு நேரே விடை கூறிவிடலாம். ஆயினும், நரம்பு விஞ்ஞானம் என்று இன்று நாம் அழைக்கும் அவ்வறிவு எவ்வழியே வளர்ந்து வந்தது என்பதை முதலில் அறிந்து கொண்டால், விடை தெளிவாக விளங்கும். மூளையையும் நரம்பையும் ஆராய்ந்து பெயர் பெற்றவர்கள் எந்தெந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்? அவ்வாசல்களுள் ஏதேனும் ஒன்று நம் ஊருக்கு அருகில் திறந்திருக்கிறதா? இவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் இளையது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூளையைப் பற்றிய ஆராய்ச்சி மிகப் பழையது. ஆனால் அது ஒரு தனிப் பாடமாகப் பெயர் பெற்றது அண்மையிலேதான். 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிரான்சிஸ் ஷ்மிட் என்னும் அறிஞர், மருத்துவர், இயற்பியலார், வேதியியலார், கணிதத்தார் ஆகிய பலரையும் ஒரே மேசையில் அமர்த்தி நரம்பு ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1969-இல் அந்நாட்டில் நரம்பு விஞ்ஞானச் சங்கம் நிறுவப்பட்டது. 1973-இல் ஆம்ஹர்ஸ்ட் என்னும் கல்லூரி இப்பாடத்தை இளங்கலை மாணவர்க்கு உரிய தனிப் படிப்பாக அமைத்தது. இத்தகைய படிப்புகளுக்கு அது ஒரு முன்னோடி.

ஆகவே ‘நரம்பு விஞ்ஞானத்தில் இளங்கலை’ என்னும் பட்டத்தின் வயது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே. அதற்கு முன் இத்துறையில் உழைத்த பேரறிஞர் எவரும் அப்பட்டம் பெற்றவரல்லர், பெற்றிருக்கவும் இயலாது. இதை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ள வேண்டுகிறோம்.

கணித மேதை வரைந்த படம்

நரம்புக்கு அரபு மொழியில் ‘அஸப்’ என்று பெயர், மூளைக்கு ‘திமாக்’. இவ்விரு சொற்களும் பழைய அரபு மருத்துவக் கிதாபுகளில் பக்கத்துக்குப் பக்கம் வருபவை. இப்னு ஸீனா (980–1037) தமது ‘கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் மூளையிலிருந்தும் முதுகுத் தண்டிலிருந்தும் புறப்படும் நரம்புகளை முறைப்படுத்தி விளக்கினார். உணர்வுக்கு மூலம் இருதயமா மூளையா என்பது தத்துவ ஞானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் இடையே அக்காலத்தில் நிலவிய பெரிய வழக்கு.

ஆயினும் நாம் ஈண்டு எடுத்துக் காட்ட விரும்புபவர் மருத்துவரல்லர், கணித மேதை. அவரே இப்னுல் ஹைதம். 965-இல் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040-ஐ ஒட்டி மறைந்தவர். ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளி நூல் அவருடையது. மனிதனுக்குக் கண்கள் இரண்டு. ஒவ்வொரு கண்ணிலும் உலகின் உருவம் தனித்தனியே விழுகிறது. அப்படியிருக்க நாம் காண்பது ஏன் ஒரே காட்சியாக இருக்கிறது? இதுவே அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கு முன்னே ஓரிடத்தில் கூடுகின்றன; அந்தப் பொது நரம்பில் இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஒன்றாகின்றன என்று அவர் விடை கண்டார். அவருடைய நூலுக்கு 1083-இல் எடுக்கப்பட்ட கைப்பிரதி இஸ்தான்புல் நகரின் சுலைமானிய்யா நூலகத்தில் உள்ளது. அதில் இரு கண்களும், அவற்றின் நரம்புகளும், அவை கூடும் இடமும் படமாக வரையப்பட்டுள்ளன. இன்று நமக்குக் கிடைக்கும் நரம்பு மண்டலப் படங்களுள் மிகப் பழையது இதுவே என அறிஞர்கள் கருதுகின்றனர்.

நரம்புகள் கூடும் இடத்தை அவர் சரியாகவே காட்டினார். நரம்பின் உடற்கூற்றைப் பொறுத்தவரை அவர் பெரிதும் முன்னோரான கேலனைப் பின்பற்றியவரே. ஆனால் இரண்டு உருவங்கள் ஒன்றாகும் இடம் அந்தக் கூடலன்று. அங்கே நரம்பு இழைகளுள் ஒரு பாதி வலமிடமாக இடம் மாறிச் செல்கின்றன. காட்சிகள் ஒன்றுபடுவது அதற்கு வெகு பின்னால், பிடரிப் பக்கமாக உள்ள மூளைப் புறணியில். இதைத் தெளிவாக்கிய ஹூபெல், வீஸல் ஆகிய இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். விடையின் ஒரு பகுதி பிழையாயிற்று. வினா மட்டும் ஒன்பது நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது. கணிதம் கற்ற ஒருவர் ஒளியை ஆராயப் புகுந்து நரம்பில் வந்து நின்றார் என்பதையே நாம் இங்கு கவனிக்க வேண்டும். இது முதல் வாசல்.

தீக்குச்சியில் உள்ள மருந்து

இரண்டாம் வாசல் வேதியியல். இதைச் சொல்லும்போது நம் வட்டாரமே நினைவுக்கு வருகிறது.

மூளை, வெறுங்கண்ணுக்கு வெண்ணெய் போன்ற ஒரு பொருள். அதை மெல்லிய சீவல்களாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தாலும், எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அக்காலத்தவர்க்குப் புலப்படவில்லை. 1873-இல் இத்தாலி நாட்டு மருத்துவர் கமில்லோ கோல்கி, ஒரு சிற்றூர் மருத்துவமனையின் சமையலறையை ஆய்வுக்கூடமாக மாற்றிக் கொண்டு, இதற்கு ஒரு வழி கண்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் ஊற வைத்துப் பதப்படுத்திய பின் வெள்ளி நைட்ரேட்டில் இட்டார். நூற்றில் ஒரு சில செல்கள் மட்டும் முழுவதும் கறுத்து, கிளை கிளையாக, வேரும் விழுதுமாகத் தெரிந்தன. எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திராது. சில மட்டும் கறுத்ததே பெரும் பேறாயிற்று.

அந்தப் பொட்டாசியம் டைகுரோமேட் தீக்குச்சித் தலையில் பூசும் மருந்துக் கலவையில் சிறிதளவு சேர்க்கப்படும் பொருள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள் முதல், இவ்வட்டாரத்து மக்கள் கைப்பழக்கமாக அறிந்த மருந்துகளுள் ஒன்று இது.

கோல்கியின் முறையைக் கையாண்டு, ஸ்பெயின் நாட்டு ராமோன் இ கஹால் ஆயிரக்கணக்கான படங்களை வரைந்தார். இளமையில் படிப்பில் நாட்டமின்றி, நாவிதரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விடப்பட்டவர் அவர். ஓவியத்தில் மட்டும் தீராத ஆசை. நரம்புச் செல்கள் வலை போல ஒன்றோடொன்று ஒட்டியவையல்ல, ஒவ்வொன்றும் தனி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே இடைவெளி உண்டு என்பது அவர் முடிவு. கோல்கி அதை ஏற்கவில்லை. 1906-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்ட மேடையிலும் இருவர் கருத்தும் வேறுபட்டே நின்றது. பின்வந்த ஆராய்ச்சி கஹாலின் பக்கமே சான்று கூறிற்று.

நரம்பின் வழியே செல்வது யாது? முன்னோர் அதனுள் ஒரு நுண்ணிய ஆவி ஓடுவதாகக் கொண்டனர். 1791-இல் கால்வானி, தவளையின் காலை வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டு, அது மின்சாரத்தோடு தொடர்புடையது எனக் காட்டினார். 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகிய இரு ஆங்கில அறிஞர்கள், கணவாய் மீனின் பருத்த நரம்பிழையைக் கொண்டு அந்த மின்துடிப்பின் கணக்கை எழுதினர். சோடியம் அணுக்கள் உள்ளே பாய்கின்றன, பொட்டாசியம் அணுக்கள் வெளியே வருகின்றன; அவ்வளவே அதன் சூத்திரம். வெடியுப்பில் இருக்கும் அதே பொட்டாசியந்தான் நம் ஒவ்வொரு நினைப்பிலும் நரம்பின் வாசலைக் கடந்து போகிறது.

இதை அறிவது வெறும் வியப்புக்காக அன்று. மத்தாப்புக்குப் பச்சை நிறம் தருவது பேரியம் உப்பு. நீரில் கரையும் பேரிய உப்புகள் உடலுக்குள் போனால், பொட்டாசியம் வெளியேறும் வாசல்களை அடைத்துவிடுகின்றன, தசைகள் தளர்கின்றன, அளவு மிகுந்தால் கைகால்கள் செயலற்றுப் போகின்றன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த செய்தி இவ்வட்டாரத்தில் எவருக்கும் புதிதன்று. காற்று மாசு பற்றிய வழக்கில் வந்தது அத்தடை. ஆனால் அந்தப் பொருளை நாள்தோறும் கையாண்டவர்களின் நரம்புக்கும் தசைக்கும் அது என்ன செய்யக்கூடும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் நம் வீட்டில் இருப்பது நன்றல்லவா?

இல்லாத கையின் வலி

மூன்றாம் வாசல் மருத்துவம். அதில் தமிழகத்துக்குத் தனிப்பெருமை உண்டு. 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. ராமமூர்த்தி அத்தகைய துறையை நிறுவினார். 1951-இல் இவ்விருவரும் வேறு இருவரும் சேர்ந்து சென்னையில் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தோற்றுவித்தனர்.

அதே 1951-இல் பிறந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1972-இல், ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ் பெற்ற ஆங்கில விஞ்ஞான இதழில் அவருடைய ஆய்வுரை வெளியாயிற்று. பொருள் என்ன தெரியுமா? இரு கண்களின் காட்சி எவ்வாறு ஒன்றாகிறது என்பது பற்றியதே. பஸ்ராவில் பிறந்த கணித மேதையின் வினா, சென்னையில் ஒரு மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தது. பெரிய கருவி எதுவும் தேவைப்படாத வினா அது. கூர்ந்து நோக்கும் பழக்கமே தேவைப்பட்டது.

அவர் பின்னர் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு நம் பட்டாசு வட்டாரத்தின் துயரோடு நேரே தொடர்புடையது. விபத்தில் கையையோ காலையோ இழந்தவர்களுள் பலர், அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்வர். இல்லாத விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துவதாக வேதனைப்படுவர். 1871-இல் அமெரிக்க மருத்துவர் வெய்ர் மிட்செல், உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களிடம் இதைக் கண்டு, மாய உறுப்பு என்னும் பொருளில் இதற்குப் பெயரிட்டார். அருகில் இருப்பவர்களோ ‘கையே இல்லை, வலி எங்கிருந்து வரும்?’ என்பர். வலிப்பவருக்கு வலியோடு அவமானமும் சேரும்.

கை போனாலும், அக்கைக்கென மூளையில் ஒதுக்கப்பட்ட இடம் போய்விடுவதில்லை. இதை அடிப்படையாகக் கொண்டு ராமச்சந்திரன் ஓர் எளிய உபாயம் செய்தார். நடுவே கண்ணாடி நிறுத்திய ஒரு பெட்டி. நல்ல கையை ஒரு பக்கம் வைத்துக் கண்ணாடியில் பார்த்தால், இழந்த கை மீண்டும் இருப்பது போலத் தோன்றும். நல்ல கையை விரித்தால், இல்லாத கையும் விரிவதாகக் கண் சொல்லும்; மூளையும் நம்பும்; சிலருக்கு இறுக்கம் தளரும். 1990-களின் நடுவில் இவ்வாய்வு வெளியாயிற்று. எல்லாருக்கும் பயன் கிட்டுவதில்லை. பயனின் அளவு பற்றி மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆயினும் அந்த வலி பொய்யன்று என்பது நிலைபெற்றுவிட்டது.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களின் எண்ணிக்கை செய்தித்தாளில் வரும். கை விரல் இழந்து, கேள்விப்புலன் குன்றி, இரவில் திடுக்கிட்டு எழுந்து வாழ்வோரின் எண்ணிக்கை வருவதில்லை. அவர்கள் நம் தெருக்களில் இருக்கின்றனர். ‘உங்கள் வலி மெய்தான், அத்தா, அது இன்ன காரணத்தால் வருகிறது’ என்று அவர்களிடம் சொல்ல அறிந்த ஒருவர் அத்தெருவிலேயே வளர்ந்து வருவாரானால், அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

சமணர் மலை வௌவால்கள்

நான்காம் வாசல் விலங்கியல். இது நமக்கு மிக அருகில் திறந்த வாசல். மதுரைப் பல்கலைக் கழகம் 1966-இல் தோன்றியது. விருதுநகரில் பிறந்த காமராசரின் பெயரை 1978-இல் பெற்றது. நம் மாவட்டக் கல்லூரிகள் பல அதனோடு இணைக்கப்பட்டவை. அங்கே விலங்கு நடத்தையியலை வளர்த்தவர் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். உயிர்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தவர் அவர். 1979-ஆம் ஆண்டுக்குரிய பட்நாகர் பரிசைப் பெற்றவர்.

பல்கலைக் கழகத்துக்கு அருகில் உள்ள சமணர் மலைக் குகையொன்றில் வௌவால்கள் வாழ்கின்றன. பகல் ஒளி சற்றும் புகாத அக்குகையின் ஆழத்திலிருந்து, மாலை மயங்கும் நேரம் பார்த்து அவை வெளியே பறந்து வருகின்றன. இருட்டில் நேரம் அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? சந்திரசேகரனும் அவர்தம் மாணவர்களும் சில வௌவால்களைக் கூண்டில் இட்டுக் குகைக்குள்ளேயே வைத்தனர். கூண்டிலிருந்தவை வெளியே போகவும் இல்லை. ஒளியைக் காணவும் இல்லை. எனினும் சுற்றிலும் போய்வரும் இனத்தாரின் அரவத்தைக் கொண்டே அவை நேரம் தவறாமல் விழித்தன. இனத்தாரே இல்லாத வேறு குகையில் தனியே வைத்தபோது, அவற்றின் கடிகாரம் நாளுக்கு நாள் உலக நேரத்தினின்றும் விலகிச் சென்றது. 1981-இல் இம்முடிவு வெளியாயிற்று. கூட்டத்தோடு வாழும் உயிருக்குக் கூட்டமே கடிகாரம் என்பது அதன் சாரம். பின்னர், கடிகாரமோ பகலொளியோ இல்லாத அறையில் மனிதர்களையும் தங்கச் செய்து, அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் அங்கே கணக்கெடுத்தனர்.

பாலூட்டிகளின் அந்தக் கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது என்பது 1972-இல் கண்டறியப்பட்டது. இரு கண்ணின் நரம்புகளும் கூடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு செல் தொகுதியாக அது அமர்ந்திருக்கிறது. 1083-ஆம் ஆண்டுக் கைப்பிரதியில் வரையப்பட்டிருக்கும் அந்தக் கூடலுக்கு நேர் மேலேதான்!

பெற்றோர்க்கு

இனி முதலில் எழுந்த வினாக்களுக்கு வருவோம். நரம்பு விஞ்ஞானம் என்னும் பெயரையே தாங்கிய இளங்கலைப் பட்டம் நம் நாட்டில் இன்றும் அரிது. அது டாக்டர் படிப்பன்று. அதை முடித்தவர் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. நரம்பு மருத்துவராக விரும்பும் பிள்ளை ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி., அதன் மேல் மூன்றாண்டு டி.எம். என்னும் நெடும் பாதையில் நடக்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நீட் தேர்வில் இடம் கிட்டாத ஏமாற்றத்துக்கு மாற்றாக, மருத்துவம் போல ஒலிக்கும் பெயர் கொண்ட பட்டத்துக்கு இலட்சக் கணக்கில் பணம் கட்டுவது அறிவுடைமையன்று.

ஆனால் ஆராய்ச்சியே நோக்கமாயின், வாசல்கள் பலவென்பதை மேலே கண்டோம். கணிதமோ இயற்பியலோ வேதியியலோ விலங்கியலோ உளவியலோ, ஏதேனும் ஒன்றை ஆழமாகக் கற்ற பிள்ளை முதுகலையில் நரம்பு விஞ்ஞானத்துக்குத் திரும்பலாம். அரியானா மாநிலம் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் அதைக் கற்பிக்கிறது. பெங்களூரில் 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் முனைவர் ஆய்வுக்கு வழியுண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கப்பட்ட மூளை மையத்தில், பொறியியல் வல்லுநர்களின் துணையோடு மனித மூளையை நுண்ணிய சீவல்களாகப் படமெடுக்கின்றனர். கை இழந்தவரின் எதிரே கண்ணாடிப் பெட்டியை வைத்துப் பயிற்சி கொடுப்பவரோ பெரும்பாலும் இயன்முறை மருத்துவப் பட்டம் பெற்றவர். அதுவும் நரம்பை அறிந்து செய்யும் பணியே.

அடிப்படைப் பாடங்களுக்கு நம் பிள்ளைகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947 முதலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963 முதலும் நடந்து வருகின்றன. பெண்களுக்கெனச் சிவகாசியில் உள்ள கல்லூரி பட்டாசுத் தொழில் ஈட்டிய பொருளால் எழுந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அமர்த்தலாகாது என்று 1986-இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்யுமாறு தீர்ப்பளித்தது. குச்சி அடுக்கிய கைகளுக்கு உரியவர்களின் பிள்ளைகள் இன்று ஆய்வுக்கூடத்தில் நிற்கும் வயதை அடைந்திருக்கின்றனர். பட்டத்தின் பெயர் புரியவில்லை என்னும் ஒரே காரணத்தால் அவர்களைத் தடுத்துவிடுதல் தகாது.

ஆகவே கல்லூரியைத் தேடிப் போகும் பெற்றோர், ‘இப்பட்டத்துக்குப் பெயர் என்ன?’ என்று கேட்பதை விடுத்து, மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். எந்த அடிப்படைப் பாடத்தை இங்கே ஆழமாகக் கற்பிக்கிறீர்கள்? ஆய்வுக்கூடத்தில் பிள்ளை தன் கையால் செய்யும் வேலை எவ்வளவு? இங்கிருந்து மேற்படிப்புக்குச் சென்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் நேரான விடை கிடைக்கும் இடத்தில், மகனாயினும் மகளாயினும், தயங்காமல் சேர்த்து விடுங்கள்.